ஏழாம் நம்பர் லூப் லைனில் நின்ற ஐ வண்டி

கண்ட்ரோல் மாமா என்று அழைக்கப்படும் நான், வயது ஐம்பத்தேழு, ரயில்வே குடியிருப்பு மூன்றாம் வரிசையில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய கடைசி வீட்டில் மனைவியுடன் வசித்து வருகிறேன். சரக்கு வண்டிகளுக்கான கண்ட்ரோலராக முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். கல்குவாரியிலிருந்து துறைமுகம் வரை போகும் நூற்றறுபது கிலோமீட்டர் ஒற்றைத் தண்டவாளமும் அதிலுள்ள பன்னிரண்டு ஸ்டேஷன்களும் காலை ஆறு மணி முதல் மதியம் இரண்டு மணி வரை என் விரல் அசைவில் இயங்கிவந்தன. அந்த எட்டு மணி நேரத்தில் என் அனுமதியில்லாமல் ஒரு எறும்புகூட அந்தத் தண்டவாளத்தைக் கடந்ததில்லை. எறும்பு பற்றிய வாக்கியத்தை நீக்கிவிடலாமா என்று விசாரணை அதிகாரி கேட்டார். நான் சம்மதிக்காததால் அது அப்படியே இருக்கிறது.

இந்த வாக்குமூலத்தை யாருடைய மிரட்டலும் இல்லாமல், அதிகாரி வரவழைத்துக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, முழு நினைவோடு தருகிறேன்.

என்மேல் உள்ள புகார் இது. சென்ற மாதம் பதினான்காம் தேதி, கல் ஏற்றிய சரக்கு வண்டி ஒன்றை ஏழாம் நம்பர் ஸ்டேஷனின் பக்கத் தண்டவாளத்தில், அதாவது லூப் லைனில், ஐந்து மணி பதினைந்து நிமிடம் காரணமில்லாமல் நிறுத்தி வைத்தேன் என்றும், அந்த வண்டியின் டிரைவர் என் தங்கையின் கணவர் என்பதால் குடும்பப் பகையை மனதில் வைத்து அப்படிச் செய்தேன் என்றும் சொல்லப்படுகிறது. நிறுத்தி வைத்தது உண்மை. தங்கை கணவர் என்பதும் உண்மை. பகை உண்டா என்று அதிகாரி கேட்டார். உண்டு. கல்யாணத்தன்று என் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர் பத்தொன்பது ஆண்டுகளாகத் திருப்பித் தரவில்லை. அவர் குறட்டைவிட்டால் பக்கத்து நாட்டில் பூகம்பம் என்று செய்தி வரும். இதைத் தவிர வேறு பகை எனக்குத் தெரிந்து இல்லை.

வண்டியை நிறுத்திய விதம் புரிய வேண்டுமென்றால் வண்டிகளுக்குப் பெயர் வைக்கும் முறையை முதலில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சரக்கு வண்டிக்கும் நாங்கள் ஒரு குறியீடு கொடுக்கிறோம். முதலில் ஒரு எழுத்து, அதன்பிறகு புறப்படும் இடம், அதன்பிறகு சேரும் இடம், கடைசியில் தேதி. முதல் எழுத்துதான் அந்த வண்டியின் அந்தஸ்து. ஏ என்றால் கன்டெய்னர் வண்டி. அது மகாராஜா. எங்கும் நிற்காது, யாருக்கும் ஒதுங்காது. பி என்றால் பழமும் காய்கறியும், அழுகிவிடும் என்ற பயத்திலேயே ஓடும் வண்டி. சி என்றால் புதுக் கார்கள். இப்படியே இறங்கிக்கொண்டே போனால் எட்டாவதாக, கடைசியாக, எச் வருகிறது. எச் என்றால் கல். ஒற்றைத் தண்டவாளத்தில் மேல் எழுத்துக்காரர் யார் வந்தாலும் எச் வண்டி லூப் லைனுக்குள் ஒதுங்கிக் கைகட்டி நிற்க வேண்டும். கல் அழுகாது, யாரும் ஜன்னலோரம் அதற்காகக் காத்திருப்பதில்லை. அதிலும் எங்கள் கல் துறைமுகத்தில் அலைத்தடுப்புக்காகக் கடலுக்குள் கொட்டப்படுவது. ஆறு ஆண்டுகளாகக் கொட்டுகிறார்கள். ஒரு நாள் தாமதமானால் கடல் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் எச் வண்டி ஆயுள் முழுக்க ஒதுங்கியே நிற்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. லூப் லைனில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் அதன் எழுத்தைத் தானாகவே ஒரு படி உயர்த்தும். எச் என்பது ஜி ஆகும். மேலும் நின்றால் எஃப் ஆகும். இந்த விதிதான் பதினான்காம் தேதி எனக்கு எதிரியாக நின்றது.

என் தங்கை ஏழாம் நம்பர் ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர். பகல் வேலை. மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், இருபத்திரண்டு ஆண்டுகளாக எச் வண்டி ஓட்டுகிறார். போனால் துறைமுகத்து ஓய்வறையில் தூங்கித் திரும்பி வர மூன்று நாள் ஆகும். அவர் வீட்டில் இருக்கும் பகலில் அவள் ஸ்டேஷனில் இருப்பாள், அவள் வீடு திரும்பும்போது அவர் குறட்டையில் இருப்பார். ஆகவே இவர்கள் இருவரும் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் ஏழாம் நம்பர் லூப் லைனில்தான். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணி சுமாருக்கு எச் வண்டி அங்கே ஒதுங்கும். உதவி டிரைவர் இன்ஜினைப் பார்த்துக்கொள்வார், மாப்பிள்ளை இறங்கி ஸ்டேஷனுக்குள் போவார். பழ வண்டி கடக்கும்வரை நாற்பது நிமிடம் கிடைக்கும். அந்த நாற்பது நிமிடத்தில் சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், மகளுக்குப் பெயர் தேர்ந்தெடுத்தார்கள், அந்த மகளைப் பிறகு எந்தக் கல்லூரி விடுதியில் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். பழ வண்டி வராத நாட்களில் நாற்பது நிமிடம் எப்படிக் கிடைத்தது என்று அதிகாரி கேட்டார். அது இந்தப் புகாரில் இல்லாத விஷயம் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

அதன்பிறகு, சென்ற மாதத்துக்கு முந்தைய மாதம் இருபத்தைந்தாம் தேதி, மாப்பிள்ளைக்கு ஓர் உத்தரவு வந்தது. கன்டெய்னர் வண்டிக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எச்சிலிருந்து நேராக ஏ. அன்று அவர் நடந்த நடையில் குடியிருப்புச் சாலையே போதவில்லை. என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, “மச்சான், இருபத்திரண்டு வருஷம். எங்க போனாலும் ஓரமா நில்லு, ஓரமா நில்லுன்னுதான் சொன்னாங்க. இனிமே நான் வர்றேன்னா மத்தவன் ஓரமா நிப்பான்” என்று சொன்னார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

அதே நாள் அவர் தங்கையிடம் சொன்னபோது நானும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தேன். அவள் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், “ஏ வண்டி ஏழாம் நம்பர்ல நிக்குமா?” என்று கேட்டாள். மாப்பிள்ளை பெருமையாக, “ஏ வண்டி எங்கயுமே நிக்காது. அதனாலதான் அது ஏ வண்டி!” என்றார். அவள் “சரி” என்றாள். அந்தச் சரிக்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. இரண்டு நூற்றாண்டு பேசவில்லை என்று நான் சொன்னதை, அதிகாரி கேட்டுக்கொண்டபடி, பத்தொன்பது நாள் என்று திருத்திக்கொள்கிறேன்.

அதன்பிறகு பதிமூன்றாம் தேதி மாலை தங்கை என் வீட்டுக்கு வந்து, பாதையின் அடுத்த கோட்டத்தில், ஒன்றரை நாள் பயணத்திலுள்ள கடைசி ஸ்டேஷனுக்கு மாற்றல் கேட்டு மனு எழுதியிருப்பதாகச் சொன்னாள். “அவரு என்னைத் தாண்டிப் போகத்தான் போறாருன்னா, தாண்டுறதுக்கு நான் எதுக்கு அங்க இருக்கணும்?” என்றாள். மறுநாள் மதியம் இரண்டு மணி பயணிகள் வண்டியில் தலைமை அலுவலகத்துக் குமாஸ்தா காகிதப் பையோடு ஏழாம் நம்பருக்கு வருவார். மாற்றல் மனுவும் அந்தப் பையில்தான் போக வேண்டும், ஏ வண்டிக்கு மாப்பிள்ளை தர வேண்டிய சம்மதப் படிவமும் அந்தப் பையில்தான் போக வேண்டும். இரண்டும் போய்விட்டால் இவள் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. என் மனைவி அழுதாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தங்கை, “அண்ணா, நீ இதுல தலையிடக் கூடாது. சத்தியம் பண்ணு” என்றாள். செய்தேன். அந்தச் சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். நான் தலையிடவில்லை. வண்டியை மட்டும்தான் நிறுத்தினேன்.

பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நான் வேலையில் உட்கார்ந்தேன். அதே ஆறு மணிக்குக் குவாரியிலிருந்து எச் வண்டி மாப்பிள்ளையோடு கிளம்பியது. ஏழு ஐம்பதுக்கு ஏழாம் நம்பர் லூப் லைனில் ஒதுங்கியது. அதன்பிறகு பழ வண்டி கடந்தது. அதன்பிறகு கார் வண்டி கடந்தது. அதன்பிறகு எதிர்ப்பக்கமிருந்து ஒரு காலி வண்டியை வரவழைத்துக் கடக்க விட்டேன்.

ஒன்பது மணிக்குத் தங்கை கண்ட்ரோல் போனில் வந்தாள். கண்ட்ரோல் போன் என்பது ஒரே கம்பி, ஒருவர் பேசினால் பன்னிரண்டு ஸ்டேஷனிலும் கேட்கும். ஆகவே வேலை நேரத்தில் அவள் என்னை அண்ணா என்று அழைப்பதில்லை.

“கண்ட்ரோல், எச் வண்டி ரெடி. எப்ப எடுக்கலாம்?”

“முன்னாடி கொஞ்சம் நெரிசல்.”

“முன்னாடி நாப்பது கிலோமீட்டருக்கு ஒண்ணுமே இல்லையே கண்ட்ரோல்.”

“வரப்போகுதும்மா.”

இந்த இடத்தில் போனில் ஒரு தும்மல் கேட்டது. ஒன்பதாம் நம்பர் ஸ்டேஷன் மாஸ்டருக்கு, ஒட்டுக்கேட்கும்போது தும்மல் வரும் வியாதி இருபது ஆண்டுகளாக உண்டு. அவரை எல்லோரும் தும்மல்காரர் என்றே அழைப்பார்கள்.

அதன்பிறகு ஒன்பது நாற்பத்தைந்து ஆனது. இன்னும் ஐந்து நிமிடத்தில் இரண்டு மணி நேரம் முடிந்து கம்ப்யூட்டர் எச் வண்டியை ஜி ஆக்கிவிடும். ஜி ஆனால், அதே எழுத்துள்ள நிலக்கரி வண்டி அடுத்து வரும்முன் அதை அனுப்பியே தீர வேண்டும். என்னிடம் ஐந்து நிமிடம் இருந்தது. அப்போதுதான் குற்றம் என்று சொல்லப்படும் காரியத்தை நான் செய்தேன். குறியீட்டின் முதல் எழுத்தை அழித்துவிட்டு, எச்சுக்குக் கீழே, பட்டியலிலேயே இல்லாத ஐ என்ற எழுத்தைப் போட்டேன். இல்லாத எழுத்துக்கு உயர்வு விதியும் இல்லை. கம்ப்யூட்டர் ஒரு கணம் யோசித்தது போலிருந்தது. அதன்பிறகு ஏற்றுக்கொண்டு, பன்னிரண்டு ஸ்டேஷன் திரைகளிலும் ஐ என்று காட்டியது. உலகத்தில் நீராவி கண்டுபிடித்த நாள் முதல் இன்றுவரை ஓடிய கோடானுகோடி வண்டிகளில் ஐ என்ற பட்டம் பெற்ற முதல் வண்டி என் மாப்பிள்ளை ஓட்டியதுதான். தண்டவாளத்தைத் தட்டிப் பார்க்கும் இன்ஸ்பெக்டரின் தள்ளுவண்டிக்குக்கூட அது வழிவிட வேண்டும்.

இதனால் யாருக்கும் ஆபத்து இருந்ததா என்று அதிகாரி கேட்டார். இல்லை. சிக்னல் எதையும் நான் தொடவில்லை. டிரைவரின் வேலை நேரம் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதையும் கணக்கிட்டே வைத்திருந்தேன். ஒன்று ஐந்துக்குக் கிளம்பினால், காலை ஆறு மணியிலிருந்து மொத்தம் ஒன்பது மணி ஐம்பது நிமிடத்தில் துறைமுகம் சேரலாம். அப்படியே சேர்ந்தார்.

ஸ்டேஷனுக்குள் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதை நான் நேரில் பார்க்கவில்லை. விசாரணையின்போது எனக்குக் காட்டப்பட்ட மெமோக்களிலிருந்துதான் அறிந்தேன். பேசாதவர்கள் என்பதால் இருவரும் ரயில்வே மெமோ புத்தகத்தில், நகல் காகிதம் வைத்து, நேரம் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இணைப்பு ஒன்று, டிரைவர் ஸ்டேஷன் மாஸ்டருக்கு: “குடிக்கத் தண்ணீர் தேவை.” பதில்: “குழாய் பிளாட்பாரத்தின் வடக்கு முனையில் உள்ளது.” இணைப்பு இரண்டு, டிரைவர்: “வண்டி புறப்படாத காரணம் தெரிவிக்கவும்.” பதில்: “கண்ட்ரோலைக் கேட்கவும். கண்ட்ரோல் உங்கள் மச்சான்.” இணைப்பு மூன்று, ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவருக்கு: “சாப்பாட்டு டப்பா வழக்கம்போல் இரண்டு அடுக்காக வந்துவிட்டது. இரண்டாவது அடுக்குக்கு உரியவர் யாரென்று தெரியவில்லை.” இதற்குப் பதில் மெமோ இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தின் ஓரத்தில் எண்ணெய் விரல் பதிந்திருக்கிறது.

சாப்பிட்ட பிறகும் பேச்சு வரவில்லை. பத்து இருபதுக்கு மாப்பிள்ளை கோபத்தில் ஸ்டேஷன் புகார்ப் புத்தகத்தை எடுத்து, நாற்பத்தாறாம் பக்கத்தில், “என் மனைவியின் அண்ணன் என்மேல் உள்ள தீராப் பகையால் என் வண்டியை வேண்டுமென்றே முடக்கி வைத்துள்ளார்” என்று எழுதினார். தங்கை கடமை தவறாதவள். “பெற்றுக்கொண்டேன், 10.22” என்று கையெழுத்துப் போட்டாள். இந்த வழக்கின் மூலம் அந்தப் பக்கம்தான்.

அதன்பிறகு நிலக்கரி வண்டி போனது, இன்னும் நான்கு வண்டிகள் போயின. பதினொன்று நாற்பதுக்கு ஏ வண்டி வந்தது. அதை நான் திட்டமிடவில்லை, அது தன் நேரத்துக்கு வந்தது. நிற்காத வண்டி கடக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில் பச்சைக் கொடியோடு நிற்க வேண்டும், டிரைவர் பதிலுக்குத் தன் கொடியைக் காட்ட வேண்டும். தங்கை போய் நின்றாள். மாப்பிள்ளை பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தங்கை போனை மேசைமேல் சாய்த்துவிட்டுப் போயிருந்ததால் இணைப்பு திறந்தே இருந்தது. ஏ வண்டி இடி இடிப்பதுபோல் கடந்து போன சத்தம் என் காதில் கேட்டது. அதன்பிறகு மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

“அந்த டிரைவர் உன் மூஞ்சியப் பாத்தாரா?”

“அவரு எதுக்கு என் மூஞ்சியப் பாக்கணும்? கொடியப் பாத்தா போதும்.”

“எவ்வளவு நேரம் இருக்கும் அது?”

“எது?”

“நீ அவரு கண்ணுல பட்டது.”

“ரெண்டு நொடி. மழைன்னா அதுவும் இல்ல.”

அதன்பிறகு தங்கை, “நீங்க போங்க. உங்களுக்கு அது எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியாதா? நான் வேணாம்னு சொல்லல. எனக்கு அங்க நின்னு கொடி காட்டத்தான் முடியாது” என்றாள்.

அந்த இடத்தில் நான் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் வண்டி ஓடும் நேரத்தில் நான் ஹெட்போனைக் கழற்றியது அதுவே முதல் முறை. நான்கு நிமிடம் கழற்றியிருந்தேன், கண் மட்டும் பலகை விளக்குகளில் இருந்தது. இது குற்றமென்றால் தனியாக எழுதிக்கொள்ளலாம். மற்ற ஸ்டேஷன்காரர்களும் அதே நேரத்தில் தங்கள் போனைக் கீழே வைத்துவிட்டதாகப் பிறகு அறிந்தேன். தும்மல்காரர் வைக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை இது இமயமலையைத் தூக்கி இடம் மாற்றுவதற்குச் சமமான சாதனை.

மீண்டும் ஹெட்போனை மாட்டியபோது, எல்லா ஸ்டேஷன்களிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. “கண்ட்ரோல், இங்க ஒரு காலி இன்ஜின் இருக்கு, ஏழைத் தாண்டி அனுப்பட்டுமா?” “கண்ட்ரோல், தண்டவாள இன்ஸ்பெக்டர் தள்ளுவண்டியோட சும்மாதான் உக்காந்திருக்காரு.” யார் யார் என்று கேட்டால் நினைவில்லை. குரல்களை அடையாளம் காணும் திறமை எனக்குக் கிடையாது. இன்ஜினையும் தள்ளுவண்டியையும் சேர்த்து அன்று ஐ வண்டியைத் தாண்டியவை பத்தாயிரம். அதிகாரி பேனாவை வைத்துவிட்டதால் பதினொன்று.

அதன்பிறகு ஒரு மணிக்குத் தங்கை போனில் வந்தாள்.

“அண்ணா,” என்றாள். வேலை நேரத்தில் அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. “ஐ வண்டியை எடுத்துடவா?”

“என்னம்மா அவசரம்?”

“கல்லு காத்துக்கிட்டிருக்கு.”

பின்னாலிருந்து மாப்பிள்ளை, “மச்சான், துறைமுகத்துலேர்ந்து வந்ததும் இருக்கு உங்களுக்கு!” என்று கத்தினார். சிரித்துக்கொண்டே கத்தினார் என்பதைப் பன்னிரண்டு ஸ்டேஷன்காரர்களும் சாட்சி சொல்வார்கள். ஒன்று ஐந்துக்கு வண்டி புறப்பட்டது.

இரண்டு மணிப் பையில் என்ன போயிற்று என்று அதிகாரி கேட்டார். மாப்பிள்ளையின் படிவம் போயிற்று. சம்மதமில்லை என்ற கட்டத்தில் குறியிட்டு, காரணம் என்ற இடத்தில், “இந்த வண்டி ஏழாம் நம்பரில் நிற்பதில்லை” என்று எழுதியிருந்தார். தங்கையின் மனு போகவில்லை. அன்று கடந்த பதினொரு வண்டிகளின் நேரத்தையும் அவள் அந்த மனுவின் பின்பக்கத்தில் குறித்துவிட்டாள், அதற்குமேல் அது அனுப்பத் தகுந்த காகிதமாக இல்லை. ஸ்டேஷனில் வேறு வெள்ளைத்தாள் இல்லையா என்று அதிகாரி கேட்டார். இருநூறு தாள் இருந்தது.

புகாரை மட்டும் தடுக்க முடியவில்லை. பக்கங்களுக்கு எண் போட்ட புத்தகம், கிழிக்கக் கூடாது. மாப்பிள்ளை அதன் அடியிலேயே “மேற்படி பகை தீர்ந்தது” என்று எழுதிப் பார்த்தார். அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பக்கம் மேலே போயிற்று, அதன்பிறகு இங்கே வந்தது.

ஐ என்ற எழுத்தைப் போட்டது நான்தான். என்னை அந்த மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதையும் அறிவேன். தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். அந்த நாற்காலியில் இப்போது உட்காரும் புதியவருக்கு ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் எச் வண்டி ஏழாம் நம்பரை நெருங்கும்போது, பின்னால் மேல் எழுத்துக்காரர் யாராவது வருகிறாரா என்று தயவுசெய்து பார்க்கவும். யாரும் வராவிட்டால் இன்னொரு தடவை நன்றாகப் பார்க்கவும்.

எனக்காகப் பேச வந்த தங்கையும் மாப்பிள்ளையும் காலை பத்து மணியிலிருந்து வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைத்து ஏழு மாதமாகிறது. என் வாக்குமூலம் முடிந்தால்தான் அவர்களைப் போகச் சொல்வார்கள். அதிகாரி எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். மாப்பிள்ளை எதையோ சொல்ல, தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, புதுத்தாள் ஒன்றை எடுத்து வைத்து, சொல்ல வேண்டியது இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்று சொன்னேன். இன்னொரு டீ வந்தது.

இதுவரை எழுதியது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. என் வாயால் சொன்னதுதான், என் மனமறிய உண்மைதான். தொடர்ச்சி அடுத்த தாளில்.

(ஒப்பம்)
கண்ட்ரோல் மாமா